சில தூர்கள் சொல்லும் மகசூல்

உடும்பஞ்சோலையின் சரிவுகளில், தென்மேற்குப் பருவமழை தணிந்து ஏலச்செடிகளின் அடியில் சரங்கள் காய்பிடித்து நிற்கும் நாட்களில், இந்தப் பறிப்பில் எத்தனை கிலோ பச்சைக்காய் தேறும், அதற்கு எத்தனை ஆட்கள் வேண்டும், உலர்த்தும் ஸ்டோரில் எவ்வளவு விறகு வேண்டும் என்ற கேள்விகளுக்கெல்லாம் தோட்டக்காரர் முன்கூட்டியே விடை கண்டாக வேண்டும். 1,000 தூர்கள் உள்ள தோட்டத்தில் அத்தனையையும் ஆராய்வது அசாத்தியமாதலால், 100 தூர்களைக் கொண்டு மற்றவற்றை அனுமானிப்பதே உபாயம்.

இவ்வனுமானத்துக்குக் கணித ஆதாரம் கண்டவர் ஸ்விட்சர்லாந்து தேசத்து ஜேக்கப் பெர்னூலி. அவர் காலமானபின் 1713-இல் வெளிவந்த நூலில், குடத்திலிருந்து கூழாங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து நிறம் பார்த்துத் திரும்ப இட்டுக்கொண்டே போனால், எடுத்தவற்றில் தோன்றும் விகிதம் குடத்தின் மெய்யான விகிதத்தை நெருங்கும் என்று நிரூபித்தார். ஆயினும், அவர் கோரிய நிச்சயத்துக்கு 25,550 முறை கல்லெடுக்க வேண்டுமென்று அவர் கணக்கே கூறிற்று!

நல்லவேளையாக நமக்கு அவ்வளவு நிச்சயம் வேண்டுவதில்லை. போடிநாயக்கனூருக்கோ புற்றடிக்கோ விற்பனைக்குப் போகும் சரக்கிலிருந்து பாரபட்சமின்றி எடுத்த 100 காய்களில் 12 வெடித்திருந்தால், முழுச் சரக்கிலும் வெடித்தவை நூற்றுக்கு 6 முதல் 18 வரை இருக்குமென்று, 20-க்கு 19 பங்கு உறுதியோடு கூறலாம். இந்த இடைவெளியைப் பாதியாக்க 200 காய்கள் போதா, 400 வேண்டும். சரக்கு பத்து மூட்டையா நூறு மூட்டையா என்பதோ ஏறக்குறைய பொருட்டன்று; இக்கணிதத்தில் என்னைப் பெரிதும் வியக்கவைப்பது இதுவே.

ஆனால் ‘பாரபட்சமின்றி’ என்ற நிபந்தனையில்தான் சூட்சுமம் இருக்கிறது. செழித்த பயிரையே நாடும் கண்ணின் சுபாவத்தை அறிந்துதான், 1920-களில் பீகார், ஒரிஸா நெல்வயல்களில் ஹப்பாக் என்ற அதிகாரியும், 1937 முதல் வங்கத்துச் சணல் வயல்களில் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸும், அளக்கவேண்டிய இடத்தை மனிதரின் விருப்பத்துக்கு விடாமல் தற்செயலின் வசம் ஒப்படைத்தனர்.

மலைத்தோட்டத்துக்கு இது இன்னும் அவசியம். ஈரமான பள்ளத்தில் 700 தூர்களும், காற்றடிக்கும் மேட்டில் 300 தூர்களும் உள்ளன என்றும், தூருக்குப் பள்ளத்தில் 600 கிராமும் மேட்டில் 300 கிராமும் பச்சைக்காய் கிடைக்கும் என்றும் கொள்வோம். பாதையோரப் பள்ளத்தை மட்டும் பார்த்தவர் 600 கிலோ என்பார். தூர்களுக்கு எண்ணிட்டுச் சீட்டெடுத்து, பள்ளத்தில் 70, மேட்டில் 30 என்று விகிதப்படி பார்த்தவர் 510 கிலோவை ஒட்டி வருவார். ஐந்து கிலோ பச்சைக்காய் சுமார் ஒரு கிலோவாக உலருமாதலால், முன்னவரின் கணக்கில் ஏறக்குறைய 18 கிலோ உலர்காய் செடியிலேயே இல்லாதது. அதை நம்பி விற்பனைக்கு வாக்குக் கொடுத்துவிட்டால், பறிப்பு முடிந்தபின் அதை எங்கிருந்து கொண்டுவருவது?