10 லட்சத்தில் எத்தனை முறை? அரிய துகள் சிதைவு அளவிடப்படும் விதம்

எடை மிகுந்த அணு உட்துகள்கள் நீடித்து நிலைப்பதில்லை. சிதைந்து எடை குறைந்த துகள்களாக மாறுகின்றன. ஒரே வகைத் துகள் நூற்றுக்கணக்கான வழிகளில் சிதையக்கூடும். அவற்றில் ஒவ்வொரு வழியும் எவ்வளவு அடிக்கடி நிகழும் என்பதைத் துகள் இயற்பியலின் அடிப்படைக் கோட்பாடான 'திட்ட மாதிரி'யைக் கொண்டு கணிக்கலாம். அளவீடு இக்கணிப்பிலிருந்து விலகினால், இதுவரை அறியப்படாத துகளுக்கான அறிகுறியாக அது அமையலாம்.

அத்தகைய விலகல் ஒன்றை ஜப்பானின் சுகுபா நகரிலுள்ள கேஇகே ஆய்வகத்தின் 'பெல் 2' குழு 2023-ஆம் ஆண்டு அறிவித்தது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், சென்னை ஐஐடி உள்ளிட்ட இந்திய நிறுவனங்களும் இக்குழுவில் இடம்பெற்றுள்ளன. துகள் மோதும் இடத்தைச் சூழ்ந்துள்ள சிலிக்கான் உணரியின் 4-ஆவது அடுக்கை உருவாக்கும் பணிக்கு மும்பை நிறுவனம் தலைமை வகித்தது.

கணக்கிடுவது எப்படி?

எலக்ட்ரான், பாசிட்ரான் கற்றைகளை மோதவிட்டு, புரோட்டானைவிட ஐந்து மடங்குக்கும் மேல் எடை கொண்ட பி மேசான்கள் இணைகளாக உருவாக்கப்படுகின்றன. இவற்றின் சராசரி ஆயுள், ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பகுத்தால் அதில் ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு மட்டுமே. ஆய்வுக்கு உட்படுத்தப்பட்ட இணைகள் சுமார் 38.7 கோடி.

குறிப்பிட்ட சிதைவின் எண்ணிக்கையை, உருவான மேசான்களின் எண்ணிக்கையால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். ஆனால், நிகழும் சிதைவுகள் அனைத்தும் கணக்கில் சிக்குவதில்லை. இந்த ஆய்வின் முதன்மை முறையில் 100-க்கு சுமார் 8 மட்டுமே தேறின. எனவே, தவறியவற்றைக் கணினி மாதிரிகளால் மதிப்பிட்டு ஈடுசெய்ய வேண்டியுள்ளது.

தேடப்பட்ட சிதைவில் ஒரு கேயானும் இரு நியூட்ரினோக்களும் தோன்றுகின்றன. நியூட்ரினோக்கள் கருவியில் தடம் பதிப்பதில்லை. மோதலுக்கு முன்பிருந்த ஆற்றலில் குறைவதைக் கொண்டே அவற்றின் இருப்பு ஊகிக்கப்படுகிறது.

கணிப்பும் முடிவும்

திட்ட மாதிரியின்படி இச்சிதைவு 10 லட்சத்தில் 5 அல்லது 6 முறை நிகழ வேண்டும். பெல் 2 அளந்ததோ 23. பிழை வரம்பு ஏறத்தாழ 7. இச்சிதைவுக்குக் கிடைத்த முதல் சான்று இதுவாகும்.

எனினும், கணிப்பிலிருந்து இம்முடிவு 2.7 திட்ட விலக்க அளவே விலகியுள்ளது. புதிய கண்டுபிடிப்பு என அறிவிக்க, இத்துறையில் 5 திட்ட விலக்கம் தேவை. தரவு பெருகும்போது பிழை வரம்பு சுருங்கும். அப்போதும் இந்த வேறுபாடு நீடித்தால், திட்ட மாதிரிக்கு அப்பாற்பட்ட ஒன்றின் தடயமாக அது கருதப்படும். மறைந்தால், தற்செயலான ஏற்ற இறக்கமாகவே கொள்ளப்படும்.