மேக்ஸ்வெல் சாலையில் ஒரு தமிழ் உயர்நிலைப் பள்ளி

சைனாடவுனின் ஓரத்தில், மேக்ஸ்வெல் உணவங்காடியில் சாப்பாட்டுக்கு வரிசை பிடித்து நிற்கும் தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும், இதே சாலையில் ஒரு காலத்தில் கணிதமும் அறிவியலும் வரலாறும் தமிழிலேயே கற்பிக்கப்பட்டன என்று? உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி இங்கேதான் இருந்தது. சிங்கப்பூரில் தமிழ்வழியில் உயர்நிலைக் கல்வி தந்த பள்ளி அது ஒன்றுதான்.

அதைத் தொடங்கியவர்கள் பெரும் பணக்காரர்கள் அல்லர். நெல்லைச் சீமையின் கடையநல்லூரிலிருந்து பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்த முஸ்லிம் குடும்பங்கள் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறியிருந்தன. பக்கத்திலேயே துறைமுகம், ஆண்கள் பலருக்கு அங்கே வேலை. அந்த நாளில் சிங்கப்பூருக்கு வந்த தமிழர்களில் பெரும்பாலோர் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்தவர்கள். கடையநல்லூர்க்காரர்களோ குடும்பத்தோடு வந்தார்கள். பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்று வீட்டு வருமானத்துக்குக் கைகொடுத்தார்கள். குடும்பம் வந்ததால் பிள்ளைகள் இருந்தார்கள். பிள்ளைகள் இருந்ததால் பள்ளி தேவைப்பட்டது. இந்தப் பள்ளி பிறந்த காரணம் இதைவிடச் சிக்கலானது அல்ல.

ஜப்பானியர் ஆட்சி முடிந்த மறு ஆண்டே, 1946இல், சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தஞ்சோங் பகாரில் பள்ளியைத் திறந்துவிட்டது. போரில் படிப்பு அறுந்துபோன ஒரு தலைமுறையை இதற்குமேல் காத்திருக்க வைக்கக்கூடாது என்ற அவசரம் அதில் தெரிகிறது. 5,000க்கும் மேற்பட்ட பாடல்களில் நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடிய எட்டயபுரத்து உமறுப் புலவரின் பெயரைப் பள்ளிக்குச் சூட்டினார்கள். தமிழும் இஸ்லாமிய நெறியான தீனும் ஒன்றுக்கொன்று விலகி நிற்க வேண்டியதில்லை என்று காட்டியவர் அவர். ஒரு முஸ்லிம் ஊர்ச்சங்கம் நடத்திய பள்ளியில் எல்லாச் சமயத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் படித்ததை நான் பெருமையாகவே நினைக்கிறேன்.

1960இல் உயர்நிலை வகுப்புகள் வந்தன. காலமும் அப்போது சாதகமாகத்தான் இருந்தது. ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என நான்கு மொழிவழிக் கல்விக்கும் சம மதிப்பு என்ற கொள்கை 1956இலேயே முன்வைக்கப்பட்டிருந்தது. தீவெங்கும் தமிழ்த் தொடக்கப் பள்ளிகள் இருந்தன. ஆனால் செம்பவாங் கடற்படைத் தளத்துப் பக்கம் ஆறாம் வகுப்பை முடித்த பிள்ளை தமிழ்வழியிலேயே மேலே படிக்க வேண்டுமானால், தீவின் வடகோடியிலிருந்து தென்கோடிக்குப் பேருந்து ஏறியாக வேண்டும். வகுப்பில் பாடமெல்லாம் தமிழ். அதோடு ஆங்கிலமும் தேசிய மொழியான மலாயும் உண்டு. பள்ளி விட்டு வெளியே வந்தால் கடைத்தெருவில் காதில் விழுவது ஹொக்கியனும் கண்டனீசும். 1966இல் பள்ளிகளில் தேசிய உறுதிமொழி எடுக்கும் வழக்கம் தொடங்கியது. மலாயில் நாட்டுப்பண் பாடிய அதே பிள்ளைகள், “சிங்கப்பூர்க் குடிமக்களாகிய நாம்” என்று உறுதிமொழியைத் தமிழில் சொன்னார்கள். நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்றாகத் தமிழும் இருந்ததற்குச் சட்டப் புத்தகத்துக்கு வெளியே அந்தப் பள்ளித் திடலே சாட்சி. படிப்புக்கு வெளியே, ‘தமிழ் முரசு’ நாளிதழின் மாணவர் மணிமன்றம் அந்தக் காலப் பிள்ளைகளுக்கு எழுதிப் பழகும் களமாக இருந்தது.

பிறகு ஏன் தேய்ந்தது? பெற்றோருக்குத் தமிழ்ப் பற்று குறைந்துவிட்டது என்று பழி போடுவது எளிது. அது நியாயம் இல்லை. சீனவழியில் படித்தவருக்கு நன்யாங் பல்கலைக்கழகம் இருந்தது. ஆங்கிலவழியில் படித்தவருக்குச் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் இருந்தது. தமிழ்வழியில் படித்தவருக்கு அப்படி ஒரு வாசலே இல்லை. நான்கு வழிகளும் சமம் என்றது கொள்கை. உயர்நிலைக்குப் பிறகு அந்தச் சமம் தமிழ்ப் பிள்ளையின் கைக்கு எட்டவில்லை. வேலைச் சந்தையோ ஆங்கிலத்தைக் கேட்டது. 1968இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறப்போகும் செய்தி வந்தது. 1971க்குள் தளங்கள் கைமாற, அங்கே வேலை பார்த்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல ஊர் திரும்பின. தொடக்கப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடின. கீழிருந்து பிள்ளைகள் வராத உயர்நிலைப் பள்ளி எத்தனை நாள் தாங்கும்? 1982இல் உமறுப் புலவர் பள்ளியும் மூடப்பட்டது. சிங்கப்பூரின் கடைசித் தமிழ்வழிப் பள்ளி அதுதான். ஐந்து ஆண்டுகளில், 1987இல், எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்று மொழியானது.

பெயர் மட்டும் பிழைத்தது. லிட்டில் இந்தியாவை அடுத்த பீட்டி சாலையில் கல்வி அமைச்சு நடத்தும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கு, தங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர்கள் பள்ளி முடிந்து வருகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தமிழைப் பாடமாகப் படிப்பதும் தமிழில் எல்லாப் பாடமும் படிப்பதும் ஒன்றாகாது. அந்த இரண்டாவது அனுபவம் எப்படி இருந்தது என்பதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கடைசியாக அங்கே படித்தவர்களுக்கே இப்போது அறுபதை ஒட்டிய வயது.

அந்தப் பள்ளியில் நீங்கள் படித்திருந்தால், அல்லது உங்கள் அத்தாவோ அம்மாவோ படித்திருந்தால், பெட்டியில் கிடக்கும் வகுப்புப் புகைப்படம், மதிப்பெண் அட்டை, பள்ளி மலர் எதையும் பழைய காகிதம் என்று எறிந்துவிடாதீர்கள். 1979இலிருந்து வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்துவரும் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. போய்ச் சொல்லுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் அவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள்.