சுற்றுக்காட்சிப் படமும் காண்போர் அநுபவமும்

நாற்புறமும் மேலும் கீழும் விரியும் சுற்றுக்காட்சிப் படத்தைத் தலையில் அணியும் கருவி வழியே காண்பவர், ஒரு சமயத்தில் அதன் சிறு பகுதியையே நோக்குகிறார். ஆதலின், இணையத்தின் வழி அனுப்புங்கால் அப்பகுதியைத் தெளிவாகவும் ஏனையவற்றை மங்கலாகவும் அனுப்பும் முறை உண்டு. அவர் சட்டெனத் தலையைத் திருப்பினால், தெளிந்த படம் வந்து சேரும்வரை மங்கலே கண்ணிற்படும். இஃது எவ்வளவு உறுத்துகிறது என்பதைக் காண்பவரையே வினவி அறிதல் வேண்டும்.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2020-இல் வெளியிட்ட பி.919 என்னும் பரிந்துரை இதற்குரிய முறைகளை வகுக்கிறது. படத்தின் தரத்துக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுவித்தல் ஒன்று. குமட்டல், தலைச்சுற்றல் போன்றவற்றைக் கேட்டறிதல் மற்றொன்று. பின்னதை விட்டுவிடலாகாது. படம் மிகத் தெளிவு என்று 5 இட்ட மாணவனே குமட்டலால் கருவியைக் கழற்றிவிடவுங்கூடும். அன்றியும், ஒருவர் நோக்கிய பக்கத்தை மற்றவர் நோக்காதிருக்கலாம். தலை திரும்பிய திசைகளைக் குறிக்காமல் மதிப்பெண்களை மட்டும் ஒப்பிடுதல் எம் கருத்தில் அரைகுறை வேலையே.