ஹொட் ரொட் வண்டியின் முன்னச்சு

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே, பழைய மோட்டார் வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் சில்லுகளுக்கு மேலுள்ள மட்காட்டுகளைக் களைந்து, ஆற்றல் மிக்க இயந்திரம் ஒன்றை அதனுட் பொருத்தி, தாழ்ந்த மூக்கோடு ஓடவிடும் வழக்கம் ஒன்று உண்டு. இத்தகைய வண்டிக்கு ‘ஹொட் ரொட்’ என்று பெயர். இவ்வழக்கம் வளர்ந்த இடம் தென் கலிபோர்னியா. அங்கே மொஹாவே பாலைநிலத்தில் மியூரொக், எல் மிராஜ் முதலிய வறண்ட ஏரிகள் உள. நீர் வற்றிய அவ்வேரித் தரை, மெழுகிய முற்றம் போலக் கெட்டியாயும் சமமாயும் நெடுந்தூரம் பரந்து கிடக்கும். 1930ஆம் ஆண்டுகளில் இளைஞர் பலர் தாமே திருத்தியமைத்த வண்டிகளை அங்கு கொண்டுசென்று வேகம் பார்த்தனர். அவ்வோட்டங்களை ஒழுங்குபடுத்துவதற்கென 1937இல் ஒரு சங்கமும் அமைந்தது. அன்று இளைஞரின் விளையாட்டாக இருந்த இது, இன்று பல நாடுகளில் முதியோரும் ஈடுபடும் கைவினையாகிவிட்டது.

இவ்வண்டிகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இயந்திரத்தைப் பற்றியே பேசுவர். அது இயல்பே, ஓசையெழுப்புவது அதுவன்றோ? ஆயினும் ஓட்டுபவனின் உயிரைத் தாங்கி நிற்பது இயந்திரமன்று; முன்னச்சும், அதனைத் தாங்கும் வில்லும், பிடித்து நிறுத்தும் தண்டுகளுமே. இயந்திரம் பழுதுபட்டால் வண்டி நிற்கும். முன்னச்சின் பிணைப்பு ஒன்று அறுந்தால் வண்டி நிற்பதில்லை. போகக் கூடாத இடத்துக்குப் போகும்.

ஹொட் ரொட் அமைப்போர் பெரிதும் விரும்பி எடுப்பவை ஃபோர்ட் கம்பனியின் பழைய வண்டிகள். 1928 முதல் 1931 வரை வெளிவந்த மொடல் ஏ, 65 பரிவலு கொண்ட வி-8 இயந்திரத்தோடு 1932இல் வந்த வண்டி ஆகியவை அவற்றுட் சிறந்தன. இவற்றின் முன்புற அமைப்பை விளங்கிக்கொள்ளாமல் மேலே செல்ல முடியாது. நமது வீதிகளில் ஓடும் லொறி ஒன்றின் முன்புறத்தைக் குனிந்து நோக்கினால், இரு முன்சில்லுகளையும் இணைக்கும் தடித்த உருக்கு அச்சு ஒன்று தெரியும். பழைய ஃபோர்ட் வண்டியிலும் அத்தகைய அச்சே உண்டு. ஆனால் லொறியில் வில்லுத்தகடுகள் இரண்டு, வண்டியின் நீளவாட்டில் இரு பக்கமும் அமைந்திருக்கும். ஃபோர்ட் வண்டியிலோ வில் ஒன்றே. அது காவடியின் வளைவு போல வளைந்து, அச்சுக்கு மேலே குறுக்காக நிற்கும். அதன் நடுப்பகுதி அடிச்சட்டத்தின் நடுவிற் பிணைந்திருக்கும்; முனைகள் இரண்டும் ஷக்கிள் எனப்படும் சிறிய ஊசல் இணைப்புகளால் அச்சின் இரு பக்கத்தும் தொங்கும்.

அச்சு முன்னும் பின்னும் அசையாதிருக்க வேண்டுமே, அதற்கு யாது வழி? கவண் தடி போன்ற கவைத்தண்டு ஒன்றை ஃபோர்ட் வைத்தார். அமெரிக்கர் அதனை விஷ்போன் என்பர். பறவையின் நெஞ்சிலுள்ள கவை எலும்பைக் குறிக்கும் சொல் அது. கவையின் இரு கைகளும் அச்சின் இரு பக்கத்தும் இறுக்கப்பட்டன. கவையின் அடி, பின்னால், வண்டியின் நடுவில், ஒரே ஒரு பந்துக் கிண்ண மூட்டிற் பொருந்தியது.

இவ்வமைப்பின் நுட்பம் வியக்கத்தக்கது. 1908இல் மொடல் ரி வண்டி வெளிவந்தபோது அமெரிக்க நாட்டுப்புறப் பாதைகள் சேறும் பள்ளமும் குதிரைவண்டித் தடங்களுமாகவே இருந்தன. ஒரு சில்லு மேட்டில் ஏறி மற்றது பள்ளத்தில் இறங்கினால், அச்சும் கவையும் சேர்ந்த முக்கோணம் முழுவதும் பின்னுள்ள அந்த ஒரு பந்தைப் பற்றிக்கொண்டு சாயும். அச்சு முறுகுவதில்லை, அடிச்சட்டமும் முறுகுவதில்லை. மாட்டுவண்டி ஓட முடிந்த இடத்தில் மோட்டார் வண்டியும் ஓடியதற்கு இது ஒரு காரணம். முன்புறத்தில் இக்குறுக்கு வில்லை ஃபோர்ட் கம்பனி 1948 வரை கைவிடவில்லை என்பதும் கருதத்தக்கது. 1949ஆம் ஆண்டு மொடலிலேதான் இரு முன்சில்லுகளும் தனித்தனியே சுருள்வில்லில் நிற்கும் முறைக்கு அது மாறிற்று.

வேகத்தை நாடிய இளைஞருக்கு இரு தேவைகள் எழுந்தன. முதலாவது, வண்டியின் மூக்கைத் தாழ்த்துதல். அதற்கு அச்சின் இரு முனைகளையும் உலையிற் காய்ச்சி நீட்டி, சில்லு பொருந்தும் இடம் மேலே நிற்க, அச்சின் நடுப்பகுதி கீழே இறங்குமாறு வளைத்தனர். ‘தாழ்த்திய அச்சு’ எனப்படுவது இதுவே. சான் டியேகோவைச் சேர்ந்த எட் ஸ்டுவர்ட் என்பவர் இவ்வேலையிற் பெரும் பெயர் பெற்றார். ஏறக்குறைய நான்கு அங்குலம் வரை இவ்வாறு தாழ்த்துவதுண்டு. அச்சைத் தாழ்த்தினால் சில்லுகளைத் திருப்பும் கைகளையும் வளைத்தாக வேண்டும். இல்லையேல் இரு சில்லுகளையும் இணைக்கும் கம்பி கவைத்தண்டில் முட்டும்.

இரண்டாவது தேவை, புதிய இயந்திரத்துக்கும் பற்சக்கரப் பெட்டிக்கும் இடம் காணுதல். கவைத்தண்டின் அடி நடுவில் வந்து இடைஞ்சல் செய்தது. ஆகவே அதனை அறுத்து இரண்டாக்கி, ஒவ்வொரு கையையும் அவ்வப்பக்கத்து அடிச்சட்டத்தில் தனித்தனியே பூட்டினர். பார்வைக்கு இது சிறிய மாற்றம். ஆனால் முக்கோணத்தின் ஒற்றைப் பந்து இரண்டானபோது, அமைப்பின் இயல்பே மாறிவிட்டது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பிளந்த தண்டின் நீளம் 36 அங்குலம் என்க. இடச்சில்லு மட்டும் மூன்று அங்குல மேட்டில் ஏறுகிறது. இடப்பக்கத் தண்டு தன் பின்மூட்டைப் பற்றி ஏறக்குறைய ஐந்து பாகை சுழலும். அச்சின் இடமுனை அத்தண்டோடு இறுக்கப்பட்டிருப்பதால் அதுவும் அந்த ஐந்து பாகை சுழலும். வலமுனையோ சுழலாது நிற்கும். ஆகவே அச்சு, பிழியப்படும் ஈரத்துணி போல, முறுக்கப்படுகிறது. மேடு ஒவ்வொன்றிலும் இது நிகழும்.

அப்படியாயின் அச்சு முறிந்துபோகாதோ என நேயர் கேட்கலாம். இங்கேதான் அச்சின் வடிவம் முதன்மை பெறுகிறது. நேயர்கள் வீட்டில் ஒரு தாளைச் சுருட்டிக் குழாயாக்கி, விளிம்பைப் பசையால் ஒட்டி, உலர்ந்தபின் இரு கையாலும் முறுக்கிப் பார்க்கலாம், அது இடங்கொடாது. பின்னர் அதனையே நீளவாட்டிற் கிழித்துவிட்டு முறுக்கினால், எளிதாக முறுகும். மூடிய குழாய் முறுக்கை எதிர்க்கும்; திறந்த வடிவம் முறுக்குக்கு இணங்கும். பழைய ஃபோர்ட் அச்சின் குறுக்குவெட்டு, தண்டவாளம் போல மேலும் கீழும் அகன்று நடுவில் ஒடுங்கியது. அது திறந்த வடிவம். அடித்துருவாக்கிய உருக்காதலின், பாரத்துக்கு வளையாமல் நின்றும், முறுக்குக்கு மட்டும் சிறிது இணங்கி மீளும். பிளந்த கவைத்தண்டோடு அது பல்லாண்டு ஓடியதன் இரகசியம் இதுவே.

குழாய் அச்சின் கதை வேறு. 1937இல் 60 பரிவலு கொண்ட சிறிய வி-8 வண்டிக்கு ஃபோர்ட் கம்பனியே அழகாக வளைந்த குழாய் அச்சு ஒன்றைச் செய்தது. எடை குறைந்த அதனைப் பந்தயக்காரர் விரும்பினர். கம்பனி அதனைப் பிளவாத கவைத்தண்டோடு வைத்ததால் தீங்கில்லை. ஆனால் அதே குழாய் அச்சையும் பிளந்த தண்டுகளையும் ஒன்றாகச் சேர்ப்பவர், முறுக வேண்டிய அமைப்பில் முறுகாத பொருளை வைக்கிறார். அச்சு இணங்காதபோது அம்முறுக்கு வேறெங்கோ சென்று தாக்கும். தண்டின் மூட்டு, அதனைத் தாங்கும் தகடு, ஒட்டு வேலை ஆகியவற்றுள் எது மெலிந்ததோ அது காலப்போக்கில் வெடிக்கும். கொண்டையூசி வடிவான தண்டுகளுக்கும் இவ்விதி பொருந்தும். அவையும் அச்சைப் பற்றிச் சுழல விடுவதில்லை.

குழாய் அச்சை விரும்புவோர்க்கு நாற்றண்டு முறை உகந்தது. பக்கத்துக்கு இரண்டாக, ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒரே நீளமுள்ள தண்டுகள் இணையாக நிற்கும். சில்லு ஏறும்போது அச்சின் முனை சுழலாமல் நேரே மேலெழும், முறுக்குப் பிறவாது. அதன் மூட்டுகளில் றப்பர் போன்ற இணங்கும் உறை இருத்தல் வேண்டும். ஆகவே, கடையில் அச்சை ஒரு நாளும் தண்டுகளை வேறொரு நாளும் கண்ணுக்கு அழகானவையாகத் தேர்ந்து வாங்குவது பெரும் பேதைமை. இரண்டும் ஒரே தேர்வு. அழகுக்காகத் தண்டவாள அச்சின் நடுவில் வரிசையாகத் துளையிடுவோரும் உளர். எடை சில இறாத்தல் குறையலாம், வலிமையும் உடன் குறையும்.

அடுத்து நோக்க வேண்டியது ஸ்டியரிங். மொடல் ஏ வண்டியில் ஸ்டியரிங் தண்டு வண்டியின் பக்கவாட்டில் முன்பின்னாக ஓடுகிறது. பிற்காலத்தில், 1970களில் வந்த செவ்ரோலே வேகா வண்டியின் சிறிய ஸ்டியரிங் பெட்டியைக் கழற்றி இவற்றிற் பொருத்தும் வழக்கம் பரவிற்று. அதில் தண்டு குறுக்காக ஓடும். குறுக்கு வில்லோ ஷக்கிள்களில் ஊசலாடுவது. வண்டி வளைவில் திரும்புகையில் உடல் அச்சின் மேல் பக்கவாட்டில் நகரும். அந்நகர்வு குறுக்குத் தண்டு வழியே சில்லுகளைத் தானே திருப்பிவிடும். சாரதி திருப்பாமலே வண்டி திரும்புவது எத்துணை ஆபத்து! இதனைத் தடுக்க, அடிச்சட்டத்தையும் அச்சையும் குறுக்கே பிணைக்கும் பனார்ட் தண்டு வேண்டும். அது ஸ்டியரிங் தண்டுக்கு இணையாகவும், இயன்றவரை அதே நீளமாகவும், சட்டத்திற் பூட்டும் முனை ஸ்டியரிங் பெட்டியுள்ள பக்கத்திலும் இருத்தல் வேண்டும். இல்லையேல் இரண்டும் வெவ்வேறு வளைவிற் சென்று ஒன்றோடொன்று பிணங்கும்.

சில்லு திரும்பும் ஆணியான கிங் பின், மேல்முனை பின்னோக்கிச் சற்றுச் சாய்ந்து நிற்க வேண்டும். ஒற்றை அச்சு வண்டிகளுக்கு ஐந்து முதல் ஏழு பாகை வரை கொள்வது பொதுவான வழக்கு. துவிச்சக்கர வண்டியின் முன்கவை சாய்ந்திருப்பதை நேயர் கண்டிருப்பர். கையை விட்டாலும் அது நேரே செல்வதற்கு அச்சாய்வும் துணை. மூக்கைத் தாழ்த்தினாலும் பின்புறத்தை உயர்த்தினாலும் இச்சாய்வு குறைந்துவிடும். போதிய சாய்வின்றேல் வண்டி நேர் வழியில் நில்லாது அலையும். ஆகவே இயந்திரம் முதலிய பாரமெல்லாம் ஏறி, வண்டி தன் உண்மையான உயரத்தில் நின்றபின்னரே இதனை அளக்க வேண்டும்.

தனித்தனிச் சில்லமைப்பு ஏன் கூடாது என்று கேட்பின், கூடாதென்பதில்லை. 1974ஆம் ஆண்டு மொடலாக வந்த மஸ்டாங் 2 வண்டியின் முன்னமைப்பைப் பின்பற்றிய உறுப்புகள் இன்று பரவலாக விற்பனையாகின்றன. நெடுந்தூரப் பயணத்துக்கு அவை மென்மையானவை; மேடு ஒரு சில்லில் தாக்கினால் மறு சில்லு அறியாது. மட்காட்டு மூடிய கனத்த வண்டிக்கு அவை பொருத்தம். ஆனால் சில்லும் அச்சும் வெளித்தெரிய நிற்கும் மொடல் ஏ போன்ற மெல்லிய வண்டியில், அவற்றின் பருத்த கைகளும் சுருள்களும் ஒட்டவைத்த அயல் உறுப்புகளாகவே தோன்றும். அத்தகைய வண்டிக்குத் தாழ்த்திய பழைய உருக்கு அச்சும் பிளந்த கவைத்தண்டுமே தகும். செலவும் அளவோடு நிற்கும்.

பிறேக்கைப் பொறுத்தவரை, ஃபோர்ட் 1939 மொடலிலேயே எண்ணெய் அழுத்தப் பிறேக்கை ஏற்றது. அதற்கு முந்திய வண்டியில் கம்பியால் இயங்கும் பிறேக்கை மாற்றாமல் வேகத்தைக் கூட்டுதல் தகாது.

எல்லாம் பூட்டியபின், வர்ணம் பூசுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள் சில உள. காற்றிறங்கிய ரயர் வளையத்திற் படிந்தாலும், வளையத்தின் அடிமட்டத்துக்குக் கீழே வண்டியின் எவ்வுறுப்பும் தொங்கலாகாது. தொங்கினால் அது தரையை உழும். பின்னர் ஒரு முன்சில்லின் கீழ் மட்டும் மரக்கட்டை வைத்து உயர்த்தி, ஸ்டியரிங்கை இடக்கோடி முதல் வலக்கோடி வரை மெல்லத் திருப்ப, வேறொருவர் கீழே படுத்துக் கைவிளக்கோடு மூட்டுகளை நோக்க வேண்டும். எங்கேனும் ஓர் உறுப்பு மற்றொன்றை உரசினாலோ, ஒரு தகடு இழுபட்டு வளைந்தாலோ, அந்த மூட்டைக் கழற்றி மீண்டும் அமைத்தபின்பே வண்டியை வீதிக்குக் கொண்டுவரலாம்.