மலையேறும் நீராவி வண்டி

தென்காசியை அடுத்த செங்கோட்டையையும் புனலூரையும் இணைக்கும் மலைப்பாதையில் 1904ஆம் ஆண்டு முதல் நீராவி வண்டிகள் ஓடின. 2018இல் அது அகலப்பாதையாயிற்று. நீராவி வண்டியோ அதற்கு முன்னரே மறைந்தது. ஆயினும், எங்கும் அது மறைந்துவிடவில்லை.

1899இல் திறக்கப்பெற்ற மேட்டுப்பாளையம் – குன்னூர் மலைப்பாதையில் இன்றும் நீராவி எஞ்சின் ஓடுகின்றது. செங்குத்தான இடங்களில் இரு தண்டவாளங்களின் நடுவே பல்வரிசை அமைந்துள்ளது. எஞ்சினின் பற்சக்கரம் அதனைப் பற்றி ஏறுதலால் வண்டி வழுக்குவதில்லை. யுனெஸ்கோ 2005இல் இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

வேல்ஸ் நாட்டில் தாலிலின் என்னும் சிறு இருப்புப்பாதை மூடப்பெறும் நிலையை எய்தியபோது, அன்பர்கள் சங்கம் நிறுவி, 1951 முதல் ஊதியம் கருதாது தாமே வண்டியை ஓட்டினர். அவ்வண்டி இன்றும் பயணிகளை ஏற்றிச் செல்கின்றது.

மாணவர்களே, பேணுவார் உளராயின் பழைய பொறியும் நெடுங்காலம் உழைக்கும் என்பதை இவ்விரண்டும் உணர்த்துகின்றன.