மூட்டுவலிக்குக் குடலில் மருந்தா? மலநுண்ணுயிர் மாற்று சிகிச்சை இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

பெரம்பலூர்ப் பக்கம் பருத்தி எடுக்கும் கையும், ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்கொட்டை பொறுக்கும் கையும் காலையில் எழுந்ததும் மடங்க மறுக்கும்போது, முதலில் வரும் பதில் ஒன்றுதான்: "வாயுப் பிடிப்பா இருக்கும், வெந்நீர் ஊத்துனா சரியாயிடும்." அடுத்தது மெடிக்கலில் சொல்லி வாங்கும் வலி மாத்திரை. விரல் கணுக்கள் வீங்கி, தண்ணிக் குடத்தைத் தூக்க முடியாமல் போன பிறகுதான் பலர் டாக்டரிடம் போகிறார்கள். அங்கே தெரியவரும் பெயர், முடக்குவாதம் எனப்படும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்.

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் மகனும் மகளும் செல்போனில் தேட ஆரம்பிக்கிறார்கள். "குடல் பாக்டீரியாவை மாத்தினா மூட்டுவலி போயிடுமாம்" என்ற தகவல் கண்ணில் படுகிறது. இதில் எவ்வளவு உண்மை?

முடக்குவாதம் என்றால் என்ன?

வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், மூட்டின் உள்சவ்வையே எதிரியாக நினைத்துத் தாக்குவதுதான் முடக்குவாதம். ஆண்களைவிடப் பெண்களை அதிகம் பாதிக்கிறது. கவனிக்காமல் விட்டால் மூட்டு அரித்து, விரல்கள் கோணிப்போகும். அந்தச் சேதத்தைத் திருப்ப முடியாது.

டெல்லி அருகே கிராமங்களில் எடுக்கப்பட்டு 1993-ல் வெளியான ஆய்வு, பெரியவர்களில் 0.75 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருப்பதாகச் சொன்னது. 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்ட மக்கள்தொகை சுமார் 5.65 லட்சம், அரியலூரில் சுமார் 7.55 லட்சம். டெல்லி விகிதத்தை இங்கே பொருத்திப் பார்த்தால், இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து ஆறேழாயிரம் பேர் வருகிறார்கள். தோராயக் கணக்குதான். ஆனாலும் சின்ன எண்ணிக்கை இல்லை.

மூட்டுக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம்?

நோய் எதிர்ப்பு அணுக்களில் பெரும்பகுதி குடலைச் சுற்றித்தான் இருக்கிறது. எது நண்பன், எது எதிரி என்று அவை பழகுவதில் குடல் பாக்டீரியாக்களுக்கும் பங்கு உண்டு. 2013-ல் நியூயார்க் ஆய்வாளர்கள் ஒரு தகவலை வெளியிட்டனர். புதிதாக முடக்குவாதம் வந்து, சிகிச்சை இன்னும் தொடங்காதவர்களில் 75 சதவீதம் பேரின் குடலில் 'பிரிவோட்டெல்லா காப்ரி' என்ற பாக்டீரியா இருந்தது. ஆரோக்கியமானவர்களில் சுமார் 21 சதவீதம் பேரிடம் மட்டுமே இருந்தது.

அப்படியென்றால் இதுதான் வில்லனா? அவ்வளவு சுலபமில்லை. தானியமும் காய்கறியும் அதிகம் சாப்பிடும் இந்தியர்களின் குடலில் பிரிவோட்டெல்லா வகைகள் இயல்பாகவே நிறைய உண்டு. அவர்களில் பெரும்பாலானோருக்கு எந்த மூட்டுவலியும் இல்லை. நியூயார்க் குடலில் கண்டதை அப்படியே பெரம்பலூர்க் குடலுக்குச் சொல்லிவிட முடியாது.

மாற்று சிகிச்சை எப்படி நடக்கும்?

ஆரோக்கியமான கொடையாளரின் மலத்தைப் பல பரிசோதனைகளுக்கு உட்படுத்தி, உப்புநீரில் கரைத்து, வடிகட்டி, நோயாளியின் குடலுக்குள் டியூப் அல்லது கேப்சூல் வழியாகச் செலுத்துவார்கள். அருவருப்பாகத் தோன்றலாம். ஆனால் 1958-லேயே அமெரிக்காவின் டென்வரில் டாக்டர்கள் இதைச் செய்திருக்கிறார்கள்.

ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களுக்கு வரும் 'சி டிஃப்' என்ற கடும் வயிற்றுப்போக்கில் இதன் பலன் நிரூபணமானது. 2013-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், 16 பேரில் 13 பேர் ஒரே தவணையில் குணமானார்கள். அந்த வயிற்றுப்போக்கு திரும்பத் திரும்ப வருவதைத் தடுக்க மட்டும் 2022-ல் அமெரிக்கா இவ்வகை மருந்துக்கு முதல் ஒப்புதலைத் தந்தது.

இந்தியாவில் நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. ஆனால் மூட்டுக்கு அல்ல, பெருங்குடல் புண் நோய்க்கு. டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், 35 பேருக்கு வாரம் ஒன்றாக ஏழு தவணை தரப்பட்டது. கூடவே அழற்சியைக் குறைக்கும் உணவுமுறை. எட்டாவது வாரத்தில் 60 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. வழக்கமான சிகிச்சை எடுத்த 31 பேரில் இது 32 சதவீதம்தான். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், கொடையாளர்கள் எல்லாரும் கிராமத்துக்காரர்கள்.

சரி, மூட்டுக்கு வேலை செய்யுமா?

முடக்குவாதத்தில் கையில் இருப்பது மிகக் குறைவு. சீனாவில் ஒரு இளம்பெண்ணுக்குப் பலன் கிடைத்ததாக 2021-ல் ஒரு அறிக்கை வந்தது. ஒருவருக்குச் சரியானது எல்லாருக்கும் சரியாகும் என்பதற்கு அது ஆதாரம் ஆகாது.

இதற்கு உறவான சோரியாசிஸ் மூட்டுவாதத்தில் டென்மார்க் டாக்டர்கள் முறையான சோதனையே நடத்தினார்கள். 31 பேரில் 15 பேருக்கு உண்மையான சிகிச்சை, 16 பேருக்குப் போலி சிகிச்சை. ஆறு மாதத்தில், உண்மையானதைப் பெற்றவர்களில் 9 பேருக்கு அது தோல்வி. போலியில் 3 பேருக்குத்தான் தோல்வி. எதிர்பார்த்ததற்கு நேர் எதிர்!

ஆபத்தும் உண்டு. கொடையாளரின் மலத்தில் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி இருந்ததால், ஒரு நோயாளி இறந்துவிட்டதாக 2019-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. முடக்குவாத மருந்துகள் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கக்கூடியவை என்பதால், இந்த நோயாளிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

இப்போது என்ன செய்யலாம்?

* காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் மூட்டு விறைப்பு, இரண்டு கை விரல்களிலும் வீக்கம், ஆறு வாரமாகியும் குறையவில்லை என்றால் வாயு என்று விட்டுவிடாதீர்கள். ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சிசிபி ரத்தப் பரிசோதனைகள் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். 2022 முதல் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.
* முதல் சில மாதங்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் மூட்டைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம்.
* முக்கிய மருந்தான மெத்தோட்ரெக்சேட்டை "கேன்சர் மருந்தாமே" என்று நெட்டில் பார்த்துவிட்டுப் பலர் நிறுத்துகிறார்கள். முடக்குவாதத்துக்குத் தருவது மிகக் குறைந்த அளவு. ஆனால் வாரத்துக்கு ஒருநாள் மட்டும்தான். தவறிப்போய் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் படிக்கத் தெரிந்தவர்கள் கிழமையை மாத்திரை அட்டையில் எழுதிவையுங்கள். குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.
* பெரம்பலூர் சின்ன வெங்காயத்தில் குடல் பாக்டீரியாக்களுக்குத் தேவையான நார்ச்சத்து இருக்கிறது. கம்பும் கீரையும் நல்லதுதான். ஆனால் அவை மாத்திரைக்குத் துணைதான், மாற்று இல்லை.

குடல் வழியாக மூட்டைக் குணப்படுத்தும் நாள் வரலாம். அதற்குக் கிராமத்து மக்களே கொடையாளர்களாகவும் ஆகலாம். அதுவரை, இந்தச் சிகிச்சையை முடக்குவாதத்துக்கு என்று யாராவது காசுக்கு விற்க வந்தால், "எந்த ஆய்வு, எத்தனை பேருக்கு?" என்று கேளுங்கள். காத்திருக்கும் காலத்தில் விரல்கள் கோணிவிடாமல் பார்த்துக்கொள்ளத் தேவையான மருந்து இன்றைக்கே இருக்கிறது.