பயிற்சி மதிப்பெண் யார் கையில்?

ஆத்தூர், ராசிபுரம், ஓமலூர் பக்கம் விடிவதற்கு முன்பே நம் பிள்ளைகள் காவலர் தேர்வுக்காக ஓடிப் பழகுகிறார்கள். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கு 18 சதவீத இடஒதுக்கீடு, அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. இதெல்லாம் வேலைக்குள் நுழையும் வாசல். உள்ளே போனபின் யாருக்கு முதலில் பதவி உயர்வு என்பதில் பணிமூப்புப் பட்டியலுக்குப் பெரிய பங்கு உண்டு. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்குத் தேர்வு மதிப்பெண்ணோடு ஐதராபாத் தேசியக் காவல் அகாடமியின் பயிற்சி மதிப்பெண்ணையும் சேர்த்தே பணிமூப்பு முடிவாகிறது. 2018 மே மாதம் ஒன்றிய அரசு இன்னும் ஒரு படி போனது. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். என எந்தப் பணி கிடைக்கும் என்பதையே அடிப்படைப் பயிற்சி மதிப்பெண்ணையும் பார்த்து முடிவு செய்யலாமா என்று யோசித்தது. அன்றைய தமிழக எதிர்க்கட்சித் தலைவர் மு.க.ஸ்டாலின் உட்படப் பலரும் எதிர்த்தார்கள். திட்டம் நடைமுறைக்கு வரவில்லை.

தமிழ்நாட்டு எஸ்.ஐ.க்களின் பணிமூப்பு வழக்கும் உச்ச நீதிமன்றம் வரை போனது. துறைக்குள்ளிருந்து தேர்வெழுதி வந்தவர்களை நேரடியாக வந்தவர்களுக்கு மேலே வைத்த விதியை 2025-இல் நீதிமன்றம் ரத்து செய்தது. தேர்வு மதிப்பெண்ணே அடிப்படை என்றது.

பயிற்சியில் நன்றாகச் செய்தவருக்கு மதிப்புக் கொடுப்பது தவறு என்று நாம் சொல்லவில்லை. ஓட்டத்தை அளக்கும் கடிகாரத்துக்குச் சாதி தெரியாது. துப்பாக்கி சுடும் பலகைக்கும் தெரியாது. ஆனால் 'நடத்தை', 'ஆளுமை' என்று ஓர் அதிகாரி போடும் மதிப்பெண் அப்படியல்ல. எழுத்துத் தேர்வுத் தாளில் எண் மட்டுமே இருக்கும். பயிற்சி மைதானத்தில் பெயர், ஊர், பேச்சு எல்லாம் தெரிந்துவிடும். அங்கே குறையும் இரண்டு மதிப்பெண், பல ஆண்டுகள் கழித்து ஒரு பதவி உயர்வையே தள்ளிப்போடலாம்.

ஆகவே, பயிற்சி மதிப்பெண்ணைக் கணக்கில் எடுப்பதானால் அளந்து பார்க்கக்கூடியதை மட்டும் எடுக்க வேண்டும். விடைத்தாளில் பெயர் இருக்கக் கூடாது. எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை முதல் நாளே சொல்ல வேண்டும். மதிப்பெண் போடும் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடி அதிகாரி ஒருவராவது இருக்க வேண்டும்.

தேர்வெழுதியவர் தகவல் உரிமைச் சட்டப்படி தன் விடைத்தாளைப் பார்க்கலாம் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்தான். பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டு போகட்டும்.